ஏன் எண்பது? புகையிலைச் சட்டத்துக்குள் ஆய்வு நுழையும் வழி

சுகாதாரப் பாடம் நடந்துகொண்டிருந்தது. பின்வாங்கிலிருந்த பொடியன் ஒருவன் கையைத் தூக்கினான். "சேர், சிகரெட் பெட்டியில எச்சரிக்கைப் படம் எண்பது வீதம் இரிக்க வேணுமெண்டு சட்டமாம். ஏன் எண்பது? எழுபத்தஞ்சு போட்டா என்ன?"

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை, ஏனென்றால் எனக்கு விடை தெரியவில்லை. "ஆராய்ந்துதான் போட்டிருப்பாங்கள்" என்று சமாளித்தேன். அன்றைக்குக் களுவாஞ்சிக்குடியில் பஸ் ஏறிக் கல்லடிப் பாலம் தாண்டும் வரைக்கும் அந்தக் கேள்விதான் மண்டைக்குள் நின்றது. எந்த ஆராய்ச்சி? யார் அளந்தது? ஆய்வுக் கட்டுரை ஒன்று எப்படி இலங்கை அரசின் வர்த்தமானியில் சட்டமாக வருகிறது? பிறகு தேடி வாசித்ததை, அந்தப் பொடியனுக்குச் சொல்வது போலவே இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு பழைய வாதத்தைத் தாண்டியாக வேண்டும். எங்கள் ஊர்த் தேத்தண்ணிக் கடைகளில் அது தினமும் ஒரு தடவையாவது கேட்கும்: "என்ர அம்மப்பா எண்பத்தெட்டு வயசு மட்டும் சுருட்டுப் பத்தினவர். ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனதில்ல." அது பொய்யல்ல. அப்படிப்பட்ட அம்மப்பாக்கள் இருக்கிறார்கள். ஆனால் அவரோடு சேர்ந்து சுருட்டுப் பத்தி ஐம்பத்தைந்தில் போய்ச் சேர்ந்தவர்கள் அந்தத் தேத்தண்ணிக் கடைக்கு வந்து தங்கள் கதையைச் சொல்ல முடியாது. உயிரோடு இருப்பவரை மட்டும் எண்ணினால் சுருட்டு ஒரு லேகியம் போலத்தான் தெரியும். ஆய்வு என்பது, எளிமையாகச் சொன்னால், கடைக்கு வர முடியாதவர்களையும் சேர்த்து எண்ணுகிற முறை.

அந்த எண்ணிக்கையை ஒழுங்காகத் தொடங்கியவர்களில் இருவர் பிரித்தானியாவின் ரிச்சர்ட் டோலும் ஒஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில்லும். அங்கே நுரையீரல் புற்றுநோய் வேகமாகக் கூடிக்கொண்டிருந்தது. தெருவுக்குப் போடும் தாரா, வாகனப் புகையா என்றுதான் முதலில் சந்தேகம். லண்டன் ஆஸ்பத்திரிகளில் நுரையீரல் புற்றுநோய் வந்தவர்களையும், வேறு நோய்களுக்காகப் படுத்திருந்தவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே கேள்விகளைக் கேட்டார்கள். 1950இல் வெளியான அந்த ஆய்வில், புற்றுநோய் வந்த 649 ஆண்களில் புகைக்காதவர்கள் 2 பேர்தான். ஒப்பிட எடுத்த 649 ஆண்களில் புகைக்காதவர்கள் 27 பேர்.

இரண்டுக்கும் இருபத்தேழுக்கும்தானா இவ்வளவு பேச்சு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்தக் காலத்து லண்டனில் ஏறக்குறைய எல்லா ஆண்களும் புகைத்தார்கள். எல்லாரும் செய்கிற ஒன்றின் கெடுதியைக் கண்டுபிடிப்பதுதான் இருப்பதிலேயே கடினம். ஊரெல்லாம் ஒரே கிணற்றுத் தண்ணீரைக் குடித்தால், கிணற்றில் பழுது என்று யாருக்குத் தோன்றும்? அதனால்தான் யார் புகைத்தார் என்பதோடு நிற்காமல், ஒரு நாளைக்கு எத்தனை என்றும் கேட்டார்கள். எண்ணிக்கை கூடக் கூட ஆபத்தும் ஏறியது. அதைப் பார்த்துவிட்டு டோல் தானே புகைப்பதை விட்டுவிட்டார்.

இருந்தும் அது போதவில்லை. ஏன் என்பதை நம்மூர் வயலிலிருந்து சொல்கிறேன்.

சம்மாந்துறைப் பக்கமோ படுவான்கரையிலோ வேளாண்மை செய்கிறவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குள் பீடி பத்துகிறவர்கள் நிறையப் பேர் என்று வையுங்கள். அதே ஆட்கள்தான் களைக்கும் பூச்சிக்கும் மருந்தடிக்கிறார்கள், வாய்க்கு ஒரு துண்டுகூடக் கட்டாமல். இப்போது அவர்களில் பலருக்கு நெஞ்சு வருத்தம் வந்தால், குற்றவாளி பீடியா, மருந்தா? இரண்டும் ஒன்றாகவே திரிகின்றன. பீடியைப் பிடித்துச் சிறையில் போட்டுவிட்டு மருந்தைத் தப்பவிட்டால் ஆய்வும் பிழை, சட்டமும் பிழை. இதைப் பிரிக்கும் வழி ஒன்று உண்டு. மருந்தடிக்கிறவர்களை மட்டும் தனியே எடுத்து, அவர்களுக்குள் பீடி பத்துகிறவரையும் பத்தாதவரையும் ஒப்பிட வேண்டும். மருந்து இரு பக்கமும் சமம். மிச்சமாக நிற்கிற வித்தியாசம் பீடியின் கணக்கில் விழும்.

டோலும் ஹில்லும் அடுத்துச் செய்தது ஏறக்குறைய இதுதான். 1951இல் பிரித்தானிய வைத்தியர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பதில் போட்டார்கள். எல்லாரும் வைத்தியர்கள், தொழிலும் வருமானமும் வாழ்க்கையும் கிட்டத்தட்ட ஒன்று. நோய் வந்த பிறகு போய்க் கேட்காமல், நோய் வருவதற்கு முன்பே பழக்கத்தைக் குறித்துக்கொண்டு, பிறகு காத்திருந்தார்கள். கொஞ்ச நஞ்சமல்ல, ஐம்பது வருடம். 2004இல் வந்த கடைசிக் கணக்கின்படி, தொடர்ந்து புகைத்தவர்கள் புகைக்காதவர்களைவிடச் சராசரியாகப் பத்து வருடம் முந்திச் செத்தார்கள். முப்பது வயதில் விட்டவர்கள் அந்தப் பத்தையும் ஏறக்குறைய முழுதாக மீட்டார்கள். அறுபதில் விட்டவர்களுக்கும் மூன்று வருடம் கிடைத்தது. தேத்தண்ணிக் கடை அம்மப்பாவுக்குச் சொல்ல இதைவிட நல்ல செய்தி எனக்குத் தெரியாது.

சந்தேக வியாபாரம்

1950இல் சான்று கிடைத்துவிட்டது, 1951இல் சட்டம் வந்துவிட்டது என்றுதானே கதை போக வேண்டும்? போகவில்லை. பிரித்தானியாவின் றோயல் வைத்தியக் கல்லூரி அறிக்கை வர 1962 ஆயிற்று. அமெரிக்க அரசின் தலைமை வைத்தியர் லூதர் டெரி, ஆயிரக்கணக்கான ஆய்வுகளைப் புரட்டிப் பார்த்த குழுவின் அறிக்கையை 1964 ஜனவரி 11இல் வெளியிட்டார். அது சனிக்கிழமை, பங்குச் சந்தை ஆடிப்போகக் கூடாதென்று பூட்டியிருக்கிற நாளாகப் பார்த்துத் தெரிந்தெடுத்தார்கள். விஞ்ஞானம் வெளியே வருவதற்கே பஞ்சாங்கம் பார்க்க வேண்டியிருந்தது!

நடுவில் நடந்தது என்ன? 1954இல் அமெரிக்க சிகரெட் கம்பனிகள் சேர்ந்து நானூறுக்கும் மேற்பட்ட பத்திரிகைகளில் முழுப்பக்க அறிக்கை போட்டன. புகைத்தல் நல்லது என்று அவை சொல்லவில்லை. "இன்னும் நிச்சயமாகவில்லை, நாங்களும் ஆராய்கிறோம்" என்றன. 1969இல் ஒரு கம்பனிக்குள் எழுதப்பட்ட குறிப்பு பிற்காலத்தில் வெளியே வந்தது. சந்தேகம்தான் நாங்கள் உற்பத்தி செய்யும் பொருள் என்று அதில் வெளிப்படையாகவே எழுதியிருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஏனென்றால் இது விஞ்ஞானத்தின் நல்ல குணத்தையே திருப்பி அடிக்கிற தந்திரம். எந்த நேர்மையான ஆய்வாளரும் "நூற்றுக்கு நூறு நிச்சயம்" என்று எழுத மாட்டார். "மேலும் ஆய்வு தேவை" என்றுதான் முடிப்பார். கம்பனி அந்தக் கடைசி வரியைப் பிடித்துக்கொள்கிறது: பாருங்கள், அவர்களே நிச்சயமில்லை என்கிறார்கள். ஆனால் சட்டத்துக்கு நூற்றுக்கு நூறு தேவையில்லை. வானம் இருண்டு வந்தால் சூடு அடித்துக் காயப்போட்ட நெல்லை யாரும் மழை விழுந்த பிறகா அள்ளுகிறார்கள்?

அதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சமவாயத்தில், சட்டம் ஆக்கும் இடத்துக்குள் புகையிலைக் கம்பனிகளின் தலையீட்டை விடக்கூடாதென்று தனி உறுப்புரையே இருக்கிறது. 2003இல் அந்தச் சமவாயம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதே வருட நவம்பரில் இலங்கை அதை உறுதிப்படுத்தியது. தெற்காசியாவில் முதல் நாடு நாம்தான். பிறகு 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் வந்தது. புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபை பிறந்தது அதிலிருந்துதான்.

ஒரு சட்டத்துக்குள் பல கேள்விகள்

அந்தச் சட்டம் ஒன்றென்றாலும், அதன் ஒவ்வொரு பிரிவும் வேறு வேறு கேள்விக்குப் பதில். 'புகைத்தல் கெடுதல்' என்று தெரிந்துவிட்டால் மட்டும் ஒரு பிரிவையும் எழுத முடியாது. கெடுதல் என்பது ஒரு ஆய்வு. அதைக் குறைக்க எது பலிக்கும் என்பது இன்னொரு ஆய்வு. இரண்டாவது இல்லாமல் எழுதுகிற சட்டம் வெறும் கோபம்தான்.

பொது இடத்தில் புகைக்கத் தடை என்பதை எடுப்போம். தன் நுரையீரலை ஒருவர் தானே கெடுத்துக்கொண்டால் அரசுக்கு என்ன என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்கு விடை ஜப்பானிலிருந்து வந்தது. தக்கேஷி ஹிரயாமா என்ற ஆய்வாளர், புகைக்காத 91,540 மனைவிமாரைப் பதினான்கு வருடம் பின்தொடர்ந்தார். கணவன் எவ்வளவு புகைத்தானோ, அந்த அளவுக்கு மனைவியின் நுரையீரல் புற்றுநோய் ஆபத்தும் ஏறியது. 1981இல் அது வெளியானதும் கம்பனிகள் வழக்கம் போலப் பாய்ந்தன. ஆனால் அதன் பிறகு புகை சொந்த விருப்பம் என்ற வாதம் நொண்டத் தொடங்கியது. அயர்லாந்து 2004இல் வேலைத்தலங்களில் புகைத்தலை முழுதாக நிறுத்தியது. அங்கே முன்வைத்த நியாயம் குடிக்க வருகிறவரைப் பற்றியதல்ல, அந்தப் புகைக்குள் நின்று பரிமாறுகிற தொழிலாளியைப் பற்றியது.

ஹிரயாமாவின் ஆய்வு இலங்கைக்கு விசேடமாகப் பொருந்தும் என்று நினைக்கிறேன். 2015இல் 18 முதல் 69 வயது வரையானோரிடம் எடுத்த தேசிய கணக்கெடுப்பில், ஆண்களில் பத்துக்கு ஏறக்குறைய மூன்று பேர் புகைக்கிறார்கள். பெண்களிலோ அநேகமாக யாருமே இல்லை. அதாவது இந்த நாட்டில் ஒரு பெண்ணின் நுரையீரலுக்குள் சிகரெட் புகை போனால், அது பெரும்பாலும் இன்னொருவர் விட்ட புகை. ஆனால் சட்டம் வீட்டுப் படலைக்கு வெளியே நின்றுவிடுகிறது. பஸ்ஸுக்குள் பத்தினால் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வழக்குப் போடலாம். விறாந்தையில் பத்துகிற கணவனுக்கு வழக்கு இல்லை.

விலை சம்பந்தமான ஆய்வு ஒப்பீட்டளவில் நேரானது. விலை நூற்றுக்குப் பத்து ஏறினால், வசதி குறைந்த நாடுகளில் பாவனை ஏறக்குறைய ஐந்து வீதம் இறங்கும் என்பது பல நாட்டுக் கணக்குகளில் திரும்பத் திரும்பக் கண்டது. பொடியன்களுக்குக் கையில் காசு குறைவு, அதனால் அவர்களிடம் இன்னும் கூட இறங்கும். ஆனால் இங்கேதான் உள்ளூர் அறிவு வேண்டும். சிகரெட்டுக்கு மட்டும் வரியை ஏற்றிப் பீடியை அப்படியே விட்டால், ஆள் விடமாட்டான், மாறுவான். வெளிநாட்டுக் கட்டுரையில் பீடி இருக்காது. அதை நமக்கு நாமேதான் எண்ண வேண்டும்.

21 வயதுக்குக் கீழே விற்கக் கூடாது என்பதும் 2006இலேயே நம் சட்டத்தில் வந்துவிட்டது. அமெரிக்கா நாடு முழுவதற்கும் அதைச் செய்தது 2019இல். புகைக்கிறவர்களில் பெரும்பாலானோர் பதின்ம வயதிலேயே தொடங்கிவிடுகிறார்கள், இருபதுகளின் நடுப்பகுதி வரை தொடாதவர் பிறகு தொடங்குவது அபூர்வம் என்பது ஆய்வு. ஆனால் 20 இல்லை, 22 இல்லை, 21தான் என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை. பொடியனின் கேள்வி இங்கே திரும்பி வருகிறது.

இனி எண்பதுக்கு வருவோம்

சிகரெட் பெட்டியில் படம் போட்ட முதல் நாடு கனடா, 2001இல். எழுத்து எச்சரிக்கையைவிடப் படம் மனதில் நிற்கிறது, சின்னப் படத்தைவிடப் பெரிய படம் கூட நிற்கிறது என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டின. எழுத்து வாசிக்கத் தெரியாதவருக்கும் படம் பேசும். மூன்று மொழி புழங்கும் நாட்டுக்கு அது பெரிய வசதி. இவ்வளவுதான் ஆய்வு. 'பெரிதாக்கு' என்று அது திசை காட்டியது. எவ்வளவு பெரிது என்ற கோட்டை யாரோ கீற வேண்டும்.

சர்வதேசச் சமவாயம், பாதி அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், முப்பது வீதத்துக்குக் குறையவே கூடாது என்றது. 2012இல் நம் சுகாதார அமைச்சு 80 வீதம் என்று ஒழுங்குவிதி கொண்டுவந்தது. இலங்கைப் புகையிலைக் கம்பனி நீதிமன்றம் போனது. இழுபறிக்குப் பிறகு 2014இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் 50க்கும் 60க்கும் இடையில் போடலாம் என்றது. ஆக, ஒரே விஞ்ஞானம், ஒரே பெட்டி. 30, 50, 60, 80 என்று நான்கு எண்கள்.

இனி நடந்ததைப் புரிந்துகொள்ள, ஒழுங்குவிதிக்கும் சட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் தெரிய வேண்டும். ஒழுங்குவிதி என்பது, ஏற்கனவே உள்ள ஒரு சட்டம் கொடுத்த அதிகாரத்துக்குள் நின்று அமைச்சர் ஆக்குவது. அமைச்சர் அந்த வேலியைத் தாண்டினாரா என்று நீதிமன்றம் கேட்கலாம். பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அப்படியல்ல. இலங்கை அரசியலமைப்பின்படி, சபாநாயகர் கையொப்பமிட்ட பிறகு ஒரு சட்டம் செல்லுமா செல்லாதா என்று எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது. கேட்பதென்றால் சட்டமூலமாக இருக்கும்போதே கேட்க வேண்டும். அது நல்லதா என்பது வேறு விவாதம், அதற்குள் நான் இறங்கவில்லை. படம் போடும் விஷயத்தில் அந்த வழி உதவியது. 2015இல் பாராளுமன்றம் புகையிலைச் சட்டத்தையே திருத்தி, எண்பது என்பதைச் சட்டத்துக்குள் எழுதியது. அந்த வருடம் ஜூன் முதலாம் திகதியிலிருந்து பெட்டிகள் மாறின. 2012இல் சுகாதார அமைச்சராக ஒழுங்குவிதி கொண்டுவந்த மைத்திரிபால சிறிசேன, 2015இல் ஜனாதிபதி. இந்தத் தற்செயலை எந்த ஆய்வாளரும் திட்டமிட்டிருக்க முடியாது.

ஆகவே, தம்பி, உன் கேள்விக்கு விடை: எழுபத்தைந்து போட்டாலும் வானம் இடிந்து விழாது. எண்பது அளந்து எடுத்த எண் அல்ல, வாதாடி வென்ற எண். அதைக் கேட்டு, அப்படியானால் சும்மா போட்டது என்று நினைத்துவிடாதே. நூறு எண்களில் எந்தப் பக்கத்து எண்கள் பிழை என்று ஆய்வு சொல்லிவிட்டது. மிச்சம் இருந்த எண்களுக்குள்தான் சண்டை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் சந்திக் கடையில் பெட்டி வாங்குகிறவர் அரிது. ஒற்றை சிகரெட்தான். கடைக்காரர் பெட்டியிலிருந்து ஒன்றை உருவிக் கொடுக்க, வாங்கியவர் கடை முகப்பில் தொங்குகிற கயிற்று நெருப்பில் பற்ற வைத்துக்கொண்டு நடக்கிறார். எண்பது வீதப் படத்தைப் பார்க்கிறவர் கடைக்காரர் மட்டும்தான், அவர் பத்துவதே இல்லை! பெட்டி பெட்டியாக வாங்குகிற நாடுகளில் எடுத்த ஆய்வு இந்தக் கயிற்றைக் கண்டதில்லை.

வட்டாவுக்குள் இருப்பது

இவ்வளவு நேரமும் புகையைப் பற்றியே பேசிவிட்டேன். ஆனால் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் புகையிலை என்றால் முதலில் ஞாபகம் வருவது புகை அல்ல, வட்டா என்று நாங்கள் சொல்கிற வெற்றிலைத் தட்டு. முன்னே சொன்ன அதே 2015 கணக்கெடுப்பில், ஆண்களில் நான்கில் ஒருவர் புகையில்லாப் புகையிலை, அதாவது வெற்றிலையோடு மெல்லுவது போன்றது, பாவிக்கிறார். சிகரெட்டைத் தொடாத பெண்களிலும் இருபதில் ஒருவர் பாவிக்கிறார். இலங்கை ஆண்களுக்கு வருகிற புற்றுநோய்களில் முதலிடம் வாய்ப் புற்றுநோய்க்கு. லண்டனில் நுரையீரல் சொன்ன கதையை இங்கே வாய் சொல்கிறது.

சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம், புகையிலை சேர்த்த வெற்றிலை புற்றுநோயை உண்டாக்கும் என்று 1980களின் நடுப்பகுதியிலேயே சொல்லிவிட்டது. 2016இல் இலங்கை, மெல்லுகிற புகையிலைக் கலவைகளின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனையைத் தடை செய்தது. நடுவில் ஏறக்குறைய முப்பது வருடம். டோலும் ஹில்லும் பட்ட பாட்டை நினைத்தால் இது அதிசயமில்லை.

ஆனால் அதே முகவரகம் 2004இல் இன்னொன்றும் சொன்னது: புகையிலையே சேர்க்காவிட்டாலும் பாக்கு தனியாகப் புற்றுநோயை உண்டாக்கும். வாய்க்குள் தோல் இறுகி, வர வர வாயைத் திறக்கவே முடியாமல் போகிற நோய்க்கும் பாக்குத்தான் காரணம். சான்றின் பலத்தில் பாக்கும் புகையிலையும் ஒரே படியில் நிற்கின்றன. சட்டத்தில் நிற்கவில்லை. பாக்கு விற்க இந்த நாட்டில் தடையில்லை. அது ஏற்றுமதிப் பயிர்களில் ஒன்று, வளர்க்க அரசு திணைக்களமே ஆலோசனை சொல்கிறது.

ஏன் என்று பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. சிகரெட்டை ஒரு கம்பனி விற்கிறது. அதன் மீது கோபப்படுவது சுலபம். பாக்கை யார் விற்கிறார்? வளவில் நாலு மரம் நிற்கிறவர் விற்கிறார். கலியாணத்துக்குச் சொல்ல வருகிறவர் வட்டாவோடு வருகிறார். சடங்கு காலத்தில் அம்மனுக்கு முன்னால் மடையில் வைக்கிறோம். தமிழர் வீட்டிலும் முஸ்லிம் வீட்டிலும் வெற்றிலை நீட்டாமல் விருந்து தொடங்காது. இதைத் தடுக்க ஒரு சட்டமூலம் கொண்டுவந்து எந்தப் பாராளுமன்ற உறுப்பினர் அடுத்த தேர்தலுக்கு எங்கள் ஊருக்குள் வருவார்? எனக்கே அப்படி ஒரு தடை சரிதானா என்பதில் தெளிவில்லை. தட்டில் வைப்பதையும் வாயில் போடுவதையும் பிரித்துப் பேச ஒரு வழி கண்டுபிடித்தால் பாதி வெற்றி என்று நினைக்கிறேன். அதற்கு எது பலிக்கும் என்பதையும் யாராவது இங்கேயே, இந்த ஆட்களிடமே, ஆராய்ந்து பார்க்க வேண்டும்.

இப்போதைக்கு இருப்பது ஒரு சின்ன வழி. வாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் வருகிறது: கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ ஒரு படலம், ஆறாத புண், காரம் பட்டால் எரிவு. நல்ல வெளிச்சமும் ஒரு கண்ணாடியும் போதும். கண்டவுடன் பல் வைத்தியரிடம் போனால் தப்ப வழியுண்டு.

இதையெல்லாம் வாசித்து முடித்த கிழமை, அம்மம்மாவை முற்றத்து வெயிலில் கதிரையில் இருத்தி வாயைத் திறக்கச் சொன்னேன். நல்ல காலம், படலம் ஒன்றும் இல்லை. அறுபது வருடக் கறைதான். டோல், ஹிரயாமா, எண்பது வீதம், பாக்கு என்று நான் எல்லாம் சொல்லி முடிக்கும் மட்டும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தா.

"பாக்குக்குச் சட்டம் வந்திட்டுதா மனே?"

இல்லை என்றேன்.

"வரட்டும். மறுகா விடுறன்" என்று பாக்குவெட்டியைக் கையில் எடுத்தா.